மணி அடிக்கும்வரை

கல்லூரியில் அவளை எல்லோரும் மணிக்கூண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நல்ல உயரம்; அது பாதிக் காரணம். அவளைப் பார்த்தே நேரம் சொல்லிவிடலாம் என்பது மீதிக் காரணம். நுண்ணுயிரியல் கடைசி ஆண்டு. ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறக்க ஊழியர் சாவியோடு வரும்போது வாசலில் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தால் அது அவள்தான். நூலகத்தில் ஜன்னலோர மேஜையை விட்டு அவள் எழுந்தால், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமலே சாப்பாட்டு டப்பாவைத் தேடுவார்கள்.

அவளுடைய ஃபோனில் ஒரு நாள்காட்டி இருந்தது. வகுப்புக்கு நீலம், ஆய்வுக்கூடத்துக்குப் பச்சை, வீட்டு வேலைக்கு மஞ்சள், தேர்வுக்குச் சிவப்பு. வெள்ளையாக ஓர் இடம் விட்டிருந்தால் அவளுக்கு உறுத்தும்.

"தும்மல் வந்தா அதுக்கும் ஒரு கலர் வெச்சிருப்பியாடி?" என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்டாள்.

"தும்மலுக்கு இல்ல. நீ வம்பு பேசறதுக்கு இருக்கு. இப்போ அது முடிஞ்சுது, எழுந்திரு."

கேலி செய்தவர்களே தேர்வு நெருங்கியதும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். பகுதி நேர வேலைக்குப் போகிறவன், குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறவள், தூக்கத்தை விட முடியாதவன் என்று ஆளுக்கு ஏற்றபடி அட்டவணை போட்டுக் கொடுத்தாள். எந்தப் பாடத்தைக் காலையில் படிக்க வேண்டும், எதைப் பஸ்ஸில் படித்தால் போதும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் மேஜையில் உருண்டையாக ஒரு வெள்ளை டைமர் இருக்கும். திருகி வைத்தால் இருபத்தைந்து நிமிடம் ஓடும், மணி அடிக்கும். அதுவரை தலை நிமிரக் கூடாது. அடித்ததும் சின்ன ஓய்வு, பிறகு மறுபடி திருகு. இந்த முறையை எங்கோ படித்துப் பிடித்துக்கொண்டவள், வகுப்பில் பாதிப் பேருக்குத் தொற்ற வைத்துவிட்டாள்.

அவளைப் பார்த்தால் பொழுதுபோகாமல் இப்படிச் செய்கிறாள் என்று தோன்றாது. வீடு அப்படி. அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவலாளி. அம்மா பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். அண்ணன் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக். ஒருவர் வந்து செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். அடுப்பு, குளியலறை, படுக்கை எல்லாமே முறை வைத்துத்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த ஒரே உண்மை, நேரத்தை இழுத்துப் பிடித்து வைக்காவிட்டால் அது இந்த வீட்டில் தங்காது என்பதுதான்.

கடைசித் தேர்வுகளுக்கு முந்தைய படிப்பு விடுமுறை தொடங்கிய வாரம் அம்மா விழுந்தாள்.

ஹோட்டலின் பின்பக்கப் படிகளில், ஒரு கூடை படுக்கை விரிப்புகளோடு இறங்கிக்கொண்டிருந்தாள். யாரோ கழுவிவிட்டுத் துடைக்காமல் போன படி. முதுகெலும்பில் விரிசல்; இடுப்பெலும்பிலும் அடி. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, ஆனால் பல வாரங்களுக்கு எழுந்திருக்கவே கூடாது என்றார் டாக்டர். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

"படுத்தே இருக்கறவங்களுக்குத் தண்ணிதான் பாதி மருந்து" என்றார்.

அம்மாவைக் கொண்டுவந்து படுக்க வைத்த அன்று சாயங்காலமே மணிக்கூண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வீட்டுக்கு ஓர் அட்டவணை போட்டாள். சமையல் அப்பாவுக்கு. கடைக்குப் போவது, மருந்து வாங்குவது, துணி துவைப்பது அண்ணனுக்கு. துடைத்துவிடுவது, புரட்டுவது, மாத்திரை, தண்ணீர், படுக்கைப் பாத்திரம் வைத்து எடுப்பது எல்லாம் தனக்கு. ஆண்களுக்கு அந்த வேலை எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

படிப்பதற்கும் அம்மாவின் அறையையே எடுத்துக்கொண்டாள். கால்மாட்டில் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் டைமர். மணி அடித்தால் எழுந்து அம்மாவைக் கவனிப்பாள். கவனித்ததை ஃபோனில் டிக் செய்வாள். மறுபடி திருகிவிட்டு உட்காருவாள். வெட்டியாகப் போகும் ஓய்வு நிமிடங்கள் அம்மாவுக்குப் பயன்பட்டன; அம்மாவுக்குத் துணை இருக்கும் நேரம் படிப்புக்குப் பயன்பட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அட்டவணையைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டபோது கைதட்டல்கள் வந்து குவிந்தன. துறைத்தலைவிகூட, "இந்தப் பொண்ணைப் பாருங்க, உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம்?" என்று எழுதியிருந்தார்.

அம்மா இயல்பில் வாயாடி. இஸ்திரி மேஜையில் நின்றுகொண்டே சலவைக்கூடம் முழுவதையும் சிரிக்க வைப்பவள் என்று, பார்க்க வந்த கூட்டாளிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்டவள் நாளாக ஆகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் காலை, "ஏண்டி, கீழ அந்த..." என்று ஆரம்பித்தவள், மேஜையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. நீ படி" என்றாள்.

வலி குறைகிறது போலிருக்கிறது, அதுதான் நிம்மதியாகப் படுத்திருக்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அப்பா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சிறுநீர்ப் பாதை நோய்த்தொற்றுகள் என்ற அத்தியாயத்தில் இருந்தாள் மணிக்கூண்டு. கட்டிலின் கம்பி லேசாக அதிரும் சத்தம் கேட்டது. தெருவில் ஏதோ லாரி போகிறது என்று நினைத்தாள். சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கட்டிலை உதற வைத்தது. பல் கிட்டித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"அம்மா! அம்மா, என்னம்மா பண்ணுது?"

அம்மாவின் உதடுகள் அசைந்தன. குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"மணி அடிச்சிடுச்சா?"

நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. அவள் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து ஓடி வந்தார். அண்ணன் கடையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான். ஆம்புலன்ஸ்காரர்களும் அவர்களுமாக அம்மாவைப் பலகையில் கட்டி, குறுகலான மாடிப்படி வழியாக, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று இறக்கினார்கள். பின்னால் வந்த மணிக்கூண்டின் காலில் செருப்பு இல்லை. அது அவளுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவின் குளிர்ந்த தரையில் நின்றபோதுதான் தெரிந்தது.

வார்டில் இருந்த நர்ஸ் அம்மா வயதுக்காரி. ஊசி போட்டு, பையில் இறங்கிய சிறுநீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறாங்க?"

மணிக்கூண்டு ஃபோனை எடுத்துக் காட்டினாள். நாள் நாளாக, வேளை வேளையாக, ஒன்றுகூட விடுபடாமல் பச்சை டிக்குகள்.

நர்ஸ் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "நல்லாத்தான் வெச்சிருக்கே. இது நீ கொடுத்தது. அவங்க குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, உறிஞ்சு குழாயைச் சரிசெய்துவிட்டு, தான் திரும்பி நடந்தது நினைவு வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அம்மா குடிப்பதை அவள் ஒருதரம்கூட நின்று பார்த்ததில்லை.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அண்ணனும் அப்பாவும் தாளை அவளிடம் நீட்டினார்கள். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஈ.கோலை கிருமி. சிறுநீர்ப் பையிலிருந்து ஏறி, சிறுநீரகத்தைத் தொட்டு, ரத்தத்திலும் கலந்திருந்தது. அது எப்படி இருக்கும், எந்தச் சாயத்தில் எந்த நிறம் காட்டும், எப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்கள், நீர் குறைவாகக் குடிப்பவர்கள், சிறுநீரை அடக்குபவர்கள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அதைத்தான் அவள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"கிருமிப்பா. மருந்து இருக்கு" என்றாள். எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

காய்ச்சல் விடாமல் அடித்த அந்த நாட்களில்தான் முதல் இரண்டு தேர்வுகளும் வந்தன. தோழி ஆஸ்பத்திரிக்கே வந்து கூப்பிட்டாள். "அண்ணன் இருக்காரு, அப்பா இருக்காரு. மூணு மணி நேரம்தானேடி. நீ படிக்காததா? வா, எழுதிட்டு ஓடி வந்துடலாம்."

"போறதுக்கு எனக்குக் கால் வரல" என்றாள் மணிக்கூண்டு. தோழி வற்புறுத்தவில்லை. தன் கைப்பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மணிக்கூண்டு போட்டுக் கொடுத்த அட்டவணையை வைத்துப் படித்தவர்கள் எல்லோரும் அன்று தேர்வு எழுதினார்கள்.

காய்ச்சல் இறங்கி அம்மாவுக்கு நினைவு தெளிந்த காலையில், வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். ஒவ்வொரு வாயும் தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விட்டாள்.

"நான் கொடுத்த தண்ணியெல்லாம் என்னம்மா பண்ணினே?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "உடம்பு துடைக்கற வாளி கட்டில் பக்கத்துலதானே இருந்துச்சு" என்றாள். "அதுல ஊத்திட்டேன்."

"ஏம்மா?"

"குடிச்சா வரும். வந்தா உன்னைக் கூப்பிடணும். மணி அடிக்க இன்னும் நேரமிருக்கும். அடக்கிப் பார்த்தேன். படுத்த கிடையில அது முடியல. சரி, குடிக்கறதைக் குறைச்சா ஆச்சுன்னு விட்டேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல? நான் அந்த ரூமுக்குள்ளயேதானே இருந்தேன்!"

"ஒண்ணு ரெண்டு தடவை கொடுத்தேனே. நீ எழுந்து வந்தே. வரலைன்னு சொல்ல மாட்டேன்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா ஒரு பார்வை பார்ப்பே. கோபமா இருந்தாக்கூடத் தேவலை, நீ திட்டிட்டு விட்டுடுவேன்னு நானும் இருந்துடலாம். கோபம் இல்ல. மனசுக்குள்ள என்னத்தையோ கூட்டிக் கழிக்கற மாதிரி ஒரு பார்வை. இதை எங்க ஈடுகட்டறதுன்னு."

மகளுக்குத் தன் முகம் அப்படி ஆகும் என்பதே அதுவரை தெரியாது.

"சரி, என்னை விடு. அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். முன்ரூம்லதானே படுத்திருந்தார்."

"அவரை எப்படிடி கூப்பிடறது? நைட்டெல்லாம் நின்னுட்டு வந்து படுக்கறவர். அதுவும் இதுக்கா?"

அப்பா சாப்பாட்டுப் பையோடு திரைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து பையைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ஊர்க் கட்டடத்தைக் காவல் காக்கறேன்" என்றார். "உனக்கு ஒரு பாத்திரம் எடுத்து வைக்க நான் ஆகலையா?"

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்பது தெரியவில்லை. அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் பாதத்தின்மேல் கையை வைத்தார். மணிக்கூண்டு எழுந்து வெளியே போனாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அப்பா நீண்ட விடுப்புப் போட்டார். அதற்கு அவருடைய மேலாளரிடம் இரண்டு தரம் போய் நிற்க வேண்டியிருந்தது. மணிக்கூண்டு மடக்கு மேஜையை முன்னறைக்குக் கொண்டுபோனாள். அம்மாவின் அறைக்குள் அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் போகவில்லை. கைவீசிக்கொண்டு போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லும்மா. உனக்கு எது எப்போ வேணும்?"

"என்னைக் கேட்டா?" அம்மாவுக்கே அது வேடிக்கையாக இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "காலையில வெயில் இந்த ஜன்னலுக்கு வருமே, அப்போ யாரும் என்னைத் தொடாதீங்க. துடைக்காதீங்க, புரட்டாதீங்க. சும்மா விடுங்க."

"சரி."

"உங்கண்ணன் வேலை விட்டு வந்ததும் நேரா இங்க வரணும். கடையில என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். நான் விழுந்ததுலேர்ந்து அவன் மூஞ்சியையே சரியாப் பாக்கல. அவனைக் கடைக்கும் மருந்துக்கும் துரத்தியே விட்டுட்டே."

அது உண்மைதான். அட்டவணையில் அண்ணனின் பெயருக்கு எதிரே இருந்த எந்த வேலையும் அந்த அறைக்குள் நடப்பதாக இல்லை.

அண்ணன் வந்தான். முதல் தடவை படுக்கைப் பாத்திரத்தை எடுக்க வந்தபோது முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

"கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டற மெக்கானிக்கை இப்பதான்டா பாக்குறேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரிக்க, முதுகு வலித்து "ஐயோ" என்றாள். அவள் விழுந்த பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. இரண்டொரு நாளில் அண்ணன் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் மணியைக் கொண்டுவந்து, அம்மாவின் கைக்கு எட்டும்படி கட்டில் கம்பியில் திருகி வைத்தான். "எப்ப வேணா அடி. எதுக்கு வேணா அடி" என்றான். அம்மா ஆரம்பத்தில் தயங்கினாள். பிறகு வெளியே மழையா என்று கேட்பதற்குக்கூட அடித்தாள். தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவார். "மழைதான்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அம்மாவின் சிறுநீரகம் ஒன்று பழையபடி ஆகவில்லை. இன்றுவரை மருந்தும் பரிசோதனையுமாகத்தான் ஓடுகிறது. சலவைக்கூட வேலை போனது போனதுதான். மணிக்கூண்டு மேற்படிப்புக்காக ஆசைப்பட்டு வைத்திருந்த இடம், இரண்டு பாடங்கள் நிலுவையில் இருந்ததால் கைவிட்டுப் போயிற்று. தோழி அந்த இடத்துக்குப் போனாள். வழியனுப்பப் போன மணிக்கூண்டு சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு, பஸ் நிலையத்தின் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். அந்த வருத்தம் அவளுக்கு இப்போதும் உண்டு. அதை மறைத்து ஆகப்போவது என்ன?

இப்போது அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நேரம் தவறாதவள் என்ற பெயர் அங்கேயும் கூடவே போயிருக்கிறது. பணி முறை போடும் பொறுப்பை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அவள் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறாள், ஒவ்வொருவரிடமும் போய் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மேலாளருக்குக் குறை.

நிலுவைப் பாடங்களில் முதலாவதை அவள் எழுதப் போன நாளை மட்டும் சொல்ல வேண்டும். அம்மா அப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். மாடிப்படி இறங்கியதில்லை. அன்று காலை மகள் கிளம்பும்போது, "நானும் கீழ வரைக்கும் வரேன்" என்று எழுந்துவிட்டாள்.

"இன்னிக்கேவாம்மா?"

"இன்னிக்கு வராம என்னிக்கு வர்றது?"

மகள் ஒரு படி முன்னால் இறங்கி நிற்க, அப்பா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அம்மா இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் தடியை முதலில் இறக்கி, காலை இறக்கி, மற்றக் காலை இழுத்துச் சேர்த்து, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பார்த்தாள். முதல் திருப்பத்தில் மகளின் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. சட்டென்று திருப்பிக்கொண்டாள். அம்மா பார்த்துவிட்டாள்.

"நேரமிருக்கா?"

"இருக்கும்மா."

அவ்வளவாக இருக்கவில்லை. இருந்தாலும் அவள் தோளை அசைக்காமல் நின்றாள். அம்மாவின் கை அதில் அழுந்திக்கொண்டே கடைசிப் படிவரை வந்தது. தெருவுக்கு வந்ததும் ஓட்டமாக ஓடினாள். தேர்வறையில் வினாத்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். தன்னைவிடச் சின்னவர்கள் நடுவே உட்கார்ந்து, மூச்சிரைப்பு அடங்கும்வரை கேள்விகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அம்மா கடைசிப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கிவிட்டாளே தவிர ஏற முடியவில்லை. அண்ணன் வந்து தூக்கட்டும் என்று இருந்துவிட்டார்களாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழியில் போகிற வருகிற எல்லோரிடமும் அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"எப்படி எழுதினே?" என்றாள் மகளைப் பார்த்ததும்.

"சுமாரா."

"உக்காரு" என்று அம்மா தடியை எடுத்து இடம் விட்டாள். மூன்று பேருக்கு அந்தப் படி போதவில்லை. மணிக்கூண்டு பையைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.